ஆகஸ்ட் பயிற்சிக்கு முன்: பள்ளி ஃபுட்பால் கோச்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் தலைமை ஃபுட்பால் கோச்களுக்கும், அவர்களை நியமிக்கும் பள்ளி மாவட்டங்களின் விளையாட்டு இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

இன்னும் சில வாரங்களில் மைதானத்தில் வெள்ளைக் கோடு விழும், ஹெல்மெட்டும் பேடும் கைமாறும். முதல் நாள் ஓட்டம் முடியும்போது முன்வரிசையில் நின்று மோதும், பெருத்த உடம்புள்ள லைன்மேன் ஒருவன் முழங்காலில் கையூன்றி, தலை தொங்க நிற்பான். அவனிடம் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஃபுட்பாலை மென்மையாக்குங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. இது கால்பந்து அல்ல; ஹெல்மெட் மாட்டி, பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவனை வீழ்த்தும், மோதும் ஆட்டம். மோதத் தெரியாதவனைக் களத்தில் இறக்கினால் அடிபடுவதும் அவன்தான். எங்கள் குறை வேறு. தண்ணீர் மறுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டீர்கள், அதற்கு நன்றி. நேரடி மோதலையும் பெரும்பாலான பள்ளிகள் குறைத்துவிட்டன. ஆனால் பழைய முரட்டுத்தனம் ஊரைவிட்டுப் போகவில்லை, வீடு மாறியிருக்கிறது. இப்போது அதன் பெயர் ‘கண்டிஷனிங்’, அதாவது உடம்பைத் தாக்குப்பிடிக்க வைக்கும் பயிற்சி. தவறு செய்தால் ஓட்டம், தோற்றால் ஓட்டம், தாமதமாக வந்தால் ஓட்டம், முணுமுணுத்தால் நூறு புஷ்-அப். ஃபுட்பால் வீரர்களின் உயிர் இன்று அதிகம் போவது மோதலில் அல்ல, இங்கேதான். 2000 முதல் 2016 வரை கல்லூரி ஃபுட்பாலில் விளையாட்டுச் செயல்பாட்டின்போது இறந்த 33 பேரில் 6 பேர்தான் அடிபட்டு இறந்தவர்கள். மற்ற 27 பேரின் உயிரைக் குடித்தவை வெப்பம், இதயக் கோளாறு, சிக்கிள் செல் பண்பு என்ற மரபுவழி ரத்த அமைப்பு போன்றவை. அதிலும் பெரும்பகுதி சீசன் இல்லாத மாதங்களில், பந்தே இல்லாத பயிற்சிகளில் நடந்தது.

‘அடியாத மாடு படியாது’ என்று எங்கள் மொழியில் ஒரு பழமொழி உண்டு. உங்கள் உலகத்தில் அந்த இடத்தை ஜங்ஷன் கதை பிடித்திருக்கிறது. 1954இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புதிய கோச் பேர் பிரையன்ட் தம் அணியை ஜங்ஷன் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போனார். மழை பொய்த்த காலம், கல்லும் முள்ளுமான தரை, பத்து நாள் பயிற்சி, பயிற்சியில் தண்ணீர் கிடையாது. போனவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கடைசிவரை நின்றார்கள். ஒருவர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்து செத்துப் பிழைத்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் 1956இல் அதே அணி சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றதில் கொண்டுபோய் முடிப்பார்கள். ஜங்ஷனிலிருந்து திரும்பிய கையோடு ஆடிய 1954 சீசனில் 10 ஆட்டங்களில் 9இல் தோற்றதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பிரையன்ட்டின் வீரர்களில், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ஒரே ஆள் ஜான் டேவிட் க்ரோ. 1956 அணியிலும் அவர் முக்கியமானவர். அவர் ஜங்ஷனுக்குப் போகவே இல்லை. அப்போது முதலாண்டு மாணவர், விதிப்படி மேலணியில் சேர முடியாது. வெளியேறியவர்களில் எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்ற கணக்கை எவரும் எடுக்கவில்லை. எஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கொடுமையும் நல்ல பள்ளிக்கூடமாகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள். மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012 வரை கோச்சாக இருந்த ஜான் கலியார்டியின் பயிற்சிகளில் டேக்கிள் (ஆளைப் பிடித்து வீழ்த்துவது) கிடையாது, விசில் கிடையாது. மாணவர்கள் அவரைக் ‘கோச்’ என்றுகூடக் கூப்பிட வேண்டியதில்லை, ‘ஜான்’ போதும். அவர் வென்றவை 489 ஆட்டங்கள். கல்லூரி ஃபுட்பாலில் அதைத் தாண்டியவர் எவருமில்லை. டார்ட்மத் கல்லூரியின் பட்டி டீவன்ஸ் 2010இல் பயிற்சியில் வீரரை வீரர் டேக்கிள் செய்வதை அறவே நிறுத்தினார். அந்தக் கல்லூரியின் பொறியியல் மாணவர்கள் அவருக்காக ஓடும் ரோபோ பொம்மை ஒன்றைச் செய்தார்கள், டேக்கிள் எல்லாம் அதன்மேல்தான். 2015இல் டார்ட்மத் 9 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்று, ஐவி லீக் பட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டது. மறு ஆண்டே சீசன் நடுவில் பயிற்சி டேக்கிள் வேண்டாம் என்று அந்த லீக்கின் எட்டு கோச்களும் முடிவெடுத்தார்கள். அவர்கள் ஆட்டம் சாதுவாகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை.

இனி கண்டிஷனிங்குக்கு வருகிறோம். ஃபுட்பாலில் ஒரு ப்ளே, அதாவது பந்து நகரத் தொடங்கி நிற்கும்வரையான ஒரு துண்டு ஆட்டம், நான்கு முதல் ஆறு நொடி ஓடும். பிறகு மூச்சு வாங்க அரை நிமிடத்துக்குக் குறையாமல் கிடைக்கும். லைன்மேன் ஒரு ப்ளேயில் பத்துப் பதினைந்து யார்டுக்கு மேல் ஓடுவது அபூர்வம். அப்படியிருக்க, 300 பவுண்டு எடையுள்ள பையனை 110 யார்டு ஸ்ப்ரின்ட் பத்துத் தடவை ஓடவைப்பது எந்த ஆட்டத்துக்கான தயாரிப்பு? 5 நொடி முழு வேகம், 30 முதல் 40 நொடி ஓய்வு, அதை 8 முறை. பிறகு 3 நிமிட இடைவெளி, மீண்டும் ஒரு சுற்று. லைன்மேனுக்கு 10 யார்டு, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்கு 30 முதல் 40 யார்டு. இது ஆட்டத்தின் அச்சில் வார்த்தது. இதிலும் வியர்க்கும், இதிலும் கால் எரியும்.

அளவு முக்கியம், அதைவிட முக்கியம் எப்போது என்பது. விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில்தான் கோச்சுக்குக் கோபம் அதிகம், வீரனுக்குத் தயாரிப்பு குறைவு. வலுப் பயிற்சியாளர்களின் அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து 2019இல் தந்த கணக்கு எளிது: திரும்பி வருபவர்களுக்கு முதல் வாரம் உச்ச அளவில் குறைந்தது 50 விழுக்காட்டைக் குறையுங்கள், இரண்டாம் வாரம் 30. புதிதாகச் சேர்ந்தவர், நோயிலிருந்து மீண்டவர், புதிய கோச்சின் கீழ் வந்தவர் என்றால் நான்கு வாரம்: 50, 30, 20, 10. புதிய கோச் என்பதையும் ஆபத்துப் பட்டியலில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். புதிதாக வந்தவர் தன் கண்டிப்பைக் காட்ட நினைக்கும் முதல் மாதம்தான் மோசமான மாதம்.

இதை மீறினால் நடப்பது என்ன? 2011 ஜனவரியில் ஐயோவா பல்கலைக்கழக வீரர்கள் தாங்கள் ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் ஏற்றி, நேரக் கணக்கு வைத்து 100 ஸ்குவாட் செய்தார்கள். விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம். 13 பேர் ராப்டோமயோலிசிஸ் என்ற நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தசை நார் உடைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. 2023 ஜனவரியில் டாலஸ் அருகே உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் தண்டனையாக முந்நூறுக்கும் மேற்பட்ட புஷ்-அப் எடுத்த மாணவர்களுக்கும் அதே கதி. மறுநாளோ அதற்கு மறுநாளோ கை மடங்காது, தசை வீங்கிக் கல்லாகும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும். ‘உடம்பு வலி, சரியாகிவிடும்’ என்று அனுப்பாதீர்கள். சிறுநீரின் நிறத்தைக் கேளுங்கள். கறுத்திருந்தால் அன்றே மருத்துவமனை. இது வெயிலும் கேட்காது, ஜனவரி மாதத்தில் ஏசி அறையில் நடக்கும்.

சிக்கிள் செல் பண்பு உள்ளவர்களின் கதை இன்னும் நுட்பமானது. நோய் அல்ல, பண்பு மட்டும்; அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது. இடைவெளியின்றி முழு வேகத்தில் ஓடும்போது ரத்த அணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து தசைக்குப் போகும் குழாய்களை அடைக்கும். 2006இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் டேல் லாயிட் 100 யார்டு ஸ்ப்ரின்ட் 16 ஓடிய பின் விழுந்தார், மறுநாள் இறந்தார். அதன் பிறகே கல்லூரிகளில் சோதனை கட்டாயமானது. சாதாரணத் தசைப்பிடிப்பில் பையன் துடித்துக் கத்துவான், தசை முடிச்சுப் போட்டது கண்ணுக்குத் தெரியும். இதில் கால் வலுவிழந்து மெல்லச் சரிவான், பேசுவான், தசை தொடுவதற்கு இயல்பாக இருக்கும். ‘நடிக்கிறான், எழுப்பி ஓடவிடு’ என்ற சொல் அங்கேதான் கொல்லும். ஓட்டத்தை நிறுத்துங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், 911 அழையுங்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த உடனே இந்தச் சோதனை நடந்திருக்கும், முடிவு மாநிலப் பதிவில் கிடைக்கும். வெளிநாட்டில் பிறந்து வந்த பிள்ளைக்கு அது இருக்காது. இந்தப் பண்பு ஆப்பிரிக்க வழியினருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். நீலகிரிப் பழங்குடிகள் உட்பட இந்தியாவிலும் உண்டு.

அடுத்தது வெயில். இதில் சற்று நின்று பேச வேண்டும்.

தொலைபேசியில் தெரியும் வெப்பநிலை உங்களுக்கு உதவாது. அது எங்கோ விமான நிலையத்தில், நிழலில் எடுத்தது. உங்கள் பையன்கள் நிற்பது வெயிலில், பல இடங்களில் செயற்கைப் புல்லில். தேவையானது வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவு. 1950களில் தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் மரைன் படை வீரர்களின் பயிற்சிக்காக உருவானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 விழுக்காடு, கறுப்புக் கோளத்துக்குள் இருப்பது காட்டுவதில் 20, சாதாரண வெப்பமானியில் 10 என்று சேர்ப்பார்கள். ஈரப்பதத்துக்கு அவ்வளவு எடை ஏன்? வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஹூஸ்டனின் 90 டிகிரி (இந்த மடலில் எல்லாம் ஃபாரன்ஹீட்) மேற்கு டெக்சஸின் 97 டிகிரியைவிட ஆபத்தாக இருப்பது இதனால்தான். கையடக்கக் கருவி சில நூறு டாலர். பயிற்சிக்கு அரை மணி முன்பும், பிறகு அரை மணிக்கு ஒருமுறையும், நீங்கள் பயிற்சி நடத்தும் அதே தரையில், வெயில் படும்படி வைத்து அளவெடுங்கள். கூடாரத்துக்குள் மேசைமேல் வைத்துவிட்டு ‘பரவாயில்லை’ என்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஜார்ஜியா மாநிலம் 2012 முதல் பின்பற்றும் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டபிள்யூ.பி.ஜி.டி. 82க்குக் கீழே இயல்பான பயிற்சி, மணிக்கு மூன்று இடைவேளை. 82 முதல் 86.9 வரை மணிக்கு மூன்று இடைவேளை, ஒவ்வொன்றும் 4 நிமிடத்துக்குக் குறையாமல், பெருத்த உடம்புக்காரர்கள்மேல் கண் வைத்தபடி. 87 முதல் 89.9 வரை மொத்தமே 2 மணி நேரம், மணிக்கு நான்கு இடைவேளை, ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் அரைக்கால்சட்டையும் மட்டும். 90 முதல் 92 வரை ஒரு மணி நேரம், எந்தக் கவசமும் இல்லை, கண்டிஷனிங் இல்லை, அந்த ஒரு மணியில் 20 நிமிடம் ஓய்வு. 92ஐத் தாண்டினால் வெளியே பயிற்சி கிடையாது. கொளுத்தும் ஜார்ஜியாவில் இதை வைத்துக்கொண்டு ஃபுட்பால் நடத்த முடிகிறது. உங்கள் ஊரில் முடியாததற்குக் காரணம் வானிலையாக இருக்க முடியாது.

வெயிலுக்குப் பழகுவது மனவுறுதியின் வேலை அல்ல, ரத்தத்தின் வேலை. முதல் சில நாள்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். முழுமையடைய 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்கேற்பத்தான் 2009இல் வகுத்த 14 நாள் முறை இருக்கிறது. முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஷோல்டர் பேடும் சேரும், மோதல் பொம்மையோடும், தள்ளிப் பழகும் சட்டமான ஸ்லெட்டோடும் மட்டும். ஆறாம் நாள்தான் முழுக் கவசம். முதல் ஐந்து நாள் நாளுக்கு ஒரே பயிற்சி, 3 மணி நேரத்துக்கு மேல் இல்லை. அதன்பின் ஒரு நாள் இரு வேளை என்றால் மறுநாள் ஒரு வேளைதான். பெரும்பாலான பள்ளிகள் இதைத் தாளில் வைத்திருக்கின்றன. எங்கே ஓட்டை விழுகிறது தெரியுமா? குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு ஆறாம் நாள் வந்து சேரும் பையனிடம். அணிக்கு ஆறாம் நாள், அவனுக்கு முதல் நாள். அவன் பெயருக்கு எதிரே தனியாக நாள் எண் எழுதி, அதன்படி கவசம் கொடுங்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவனுக்கும் இதேதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவன் விழலாம். ஹீட் ஸ்ட்ரோக்கின் முதல் அடையாளம் மயக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் மாறுவது நடத்தை. சாதுவான பையன் திடீரென்று கெட்ட வார்த்தை பேசுவான், ஹெல்மெட்டைக் கழற்றி எறிவான், சொன்னதைச் செய்யாமல் வெறிப்பான், வரிசை தவறிப் போய் நிற்பான், கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்வான். பழைய பாணிக் கோச்சின் கண்ணுக்கு இது திமிர். திமிருக்குத் தண்டனை இன்னும் இரண்டு ஓட்டம். எல்லாவற்றையும்விட எங்களை உறுத்துவது இந்தக் குழப்பம்தான். திமிரா, மூளை கொதிக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோல் உலர்ந்திருக்கும் என்பதும் தவறு. ஓடி விழுபவன் நன்றாக வியர்த்துக்கொண்டே இருப்பான். நடுவில் தெளிந்ததுபோல் பேசிவிட்டு மறுபடி சரிபவர்களும் உண்டு.

உடம்பின் உள்வெப்பத்தை அறிய மலக்குடல் வெப்பமானி ஒன்றுதான் வழி. வாய், காது, நெற்றி, அக்குள் எல்லாம் குறைத்துக் காட்டி ஏமாற்றும். பதினாறு வயதுப் பையனுக்கு அது கூச்சம்தான். ஆகவே ஒரு போர்வை, ஒரு மறைப்பு, பெற்றோரின் முன்ஒப்புதல் ஆகியவற்றை ஜூலையிலேயே தயார் செய்யுங்கள். 104 டிகிரிக்கு மேல் காட்டி, பேச்சோ நடையோ பிசகியிருந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். 30 நிமிடத்துக்குள் உடம்பைக் குளிர்வித்தால் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கிறார்கள். தாமதித்தால் ஈரலும் சிறுநீரகமும் மூளையும் வரிசையாகப் பழுதாகும்.

குளிர்விக்க ஒரே சிறந்த வழி ஐஸ் தண்ணீர்த் தொட்டி. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் 150 கேலன் பிளாஸ்டிக் தொட்டி போதும், பண்ணைக் கடையில் கிடைக்கும். பயிற்சி தொடங்கும் முன்பே பாதித் தொட்டி தண்ணீர் நிரப்பி நிழலில் வையுங்கள். பக்கத்தில் மூன்று நான்கு கூலர் நிறைய ஐஸ். ஆள் விழுந்ததும் ஐஸைக் கொட்டுங்கள், தண்ணீரின் மேற்பரப்பை ஐஸ் எப்போதும் மூடியிருக்க வேண்டும். ஹெல்மெட்டையும் பேடையும் கழற்றுங்கள். உடனே முடியாவிட்டால் தொட்டிக்குள் வைத்துக் கழற்றலாம். கழுத்துவரை அமிழ்த்துங்கள். ஒரு போர்வையை மார்புக்குக் குறுக்கே, இரு அக்குளுக்கும் கீழாக விட்டு, பின்னால் நிற்பவர் அதன் இரு முனையையும் பிடித்துக்கொண்டால் எவ்வளவு பெரிய உடம்பும் முழுகாது. ஒருவர் விடாமல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகி, குளிர்வது நின்றுவிடும். தலையில் ஐஸில் நனைத்த துண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி. இப்படிச் செய்தால் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும். 108இல் இருந்தவன் 102க்கு வர ஏறத்தாழ 18 நிமிடம். 102இல் வெளியே எடுங்கள்.

ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள், ஆனால் அது வந்ததும் ஏற்றாதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகே கொண்டுபோவது. வண்டிக்குள் தொட்டி இல்லை, மருத்துவமனை வாசலிலும் இல்லை. இதை உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் குழுவோடு முன்கூட்டியே பேசி எழுதி வைக்காவிட்டால், விழுந்தவனை வைத்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் வாக்குவாதம் நடக்கும்.

2001 ஆகஸ்ட் 1 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் இறந்தபோது அவர் உடல் வெப்பம் 108 டிகிரியைத் தாண்டியிருந்தது. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனமே 2010 முதல் இயங்குகிறது. மேலே சொன்னவற்றை எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் 2018 மே 29 அன்று மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் 19 வயது ஜோர்டன் மெக்நேர் 110 யார்டு ஸ்ப்ரின்ட்களின்போது தள்ளாடினார். உள்வெப்பம் எடுக்கவில்லை, தொட்டியில் இறக்கவில்லை, 911 அழைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஜூன் 13 அன்று இறந்தார். ஏன் தொட்டியில் இறக்கவில்லை என்ற கேள்விக்கு விசாரணையில் வந்த பதில்களில் ஒன்று: அவர் உடம்பு பெரியது, உதவியாளர்கள் சிறிய உருவத்தினர், முழுகிவிடுவாரோ என்ற அச்சம். மேலே சொன்ன போர்வை இந்த அச்சத்துக்கான மருந்துதான். விலை பத்து டாலர்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். 1965இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் உதவிக் கோச் ஒருவர், ஆட்டம் முடிந்தும் பையன்கள் ஏன் சிறுநீர் கழிப்பதில்லை என்று டாக்டர் ராபர்ட் கேடிடம் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் கேட்டரேட் பிறந்தது, தண்ணீர் குடிப்பது கோழைத்தனம் என்ற பேச்சும் மெல்லத் தேய்ந்தது. நல்லது. ஆனால் ‘தண்ணீர் கொடுத்தோமே’ என்பது இப்போது ஒரு சாக்காகிவிட்டது. தாகமே இல்லாத பையனும் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுவான், ஓட்டத்தின் கடுமைதான் காரணம். அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் நஞ்சு: 2014இல் ஜார்ஜியாவில் ஒரு பள்ளி வீரர் தசைப்பிடிப்புக்குப் பயந்து கேலன் கணக்கில் குடித்து, மூளை வீங்கி இறந்தார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் போதிய அளவு குடிக்கவில்லை. எடை கூடியிருந்தால் அளவுமீறிக் குடித்திருக்கிறான்.

மோதலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், பாதி தூரம் நீங்களே வந்துவிட்டதால். 1968இல் களத்தில் நேரடியாக அடிபட்டு இறந்தவர்கள் 36 பேர். 1976இல் தலையால் முட்டுவதைத் தடைசெய்தபோது ஆட்டம் அழிந்துவிடும் என்றார்கள். 1990இல் அப்படி ஒரு சாவுகூட இல்லை. இப்போது டெக்சஸில் வாரத்துக்கு 90 நிமிட முழு மோதல்தான் அனுமதி, நியூ ஜெர்சியில் சீசன் நடுவே 15 நிமிடம். விஸ்கான்சினில் 2014இல் நேரத்தைக் குறைத்த பின் பயிற்சியில் ஏற்படும் கன்கஷன் (தலை அதிர்ந்து மூளைக்கு நேரும் காயம்) பாதிக்கும் கீழே போனது. ஆனால் கடிகாரத்தை யார் பிடிக்கிறார்கள்? ‘தட்’ என்று நீங்கள் சொல்லும் பயிற்சியில் தரையில் வீழ்த்துவது இல்லையே தவிர, வேகம் முழு வேகம், தலையில் இடியும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காத பள்ளிகளின் 90 நிமிடம் உண்மையில் அதைவிட அதிகம். ஒரு மேனேஜர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுங்கள், ‘தட்’டையும் ‘லைவ்’வையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஓக்லஹோமா டிரில் என்ற மோதல் பயிற்சியைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 2019இல் நிறுத்தியது. இரண்டு பைகளுக்கு நடுவே ஒடுங்கிய சந்தில் நேருக்கு நேர் மோதுவது ஆட்டத்தில் அரிது. டேக்கிள் என்றால் கோணம் பிடிப்பது, அந்தச் சந்தில் கோணமே கிடையாது. சுற்றி நின்று கத்தும் கூட்டம் வேறு, தோற்றவன் அடுத்த முறை தலையைக் கொடுத்தாவது வெல்லப் பார்ப்பான். தோளை முன்வைத்துத் தொடையில் கட்டிப் பிடிக்கும் ரக்பி முறையை பொம்மையிலும் உருளும் வளையத்திலும் கற்றுக்கொடுங்கள். ஹெல்மெட்மேல் மாட்டும் மெத்தை உறையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம்: போடலாம், தீங்கில்லை, ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று டிரில்லைக் கூட்டினால் போட்டதில் பயனில்லை.

பள்ளி மாவட்டங்களிடம் கேட்பது ஒன்றே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்நிலைப் பள்ளிகளில், வீரர்களின் காயத்தையும் அவசர சிகிச்சையையும் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெயினரே இல்லை. இருக்கும் இடத்திலும் பலர் கோச்சுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவரிடம் போய் ‘பயிற்சியை நிறுத்துங்கள்’ என்று எத்தனை பேர் சொல்வார்கள்? ட்ரெயினர் மாவட்ட மருத்துவ அதிகாரியிடமோ வெளி மருத்துவமனையிடமோ பொறுப்புச் சொல்லும்படி மாற்றுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் அதை மாற்றும் அதிகாரம் கோச்சுக்கு இல்லை என்று எழுதுங்கள். தண்டனையாக உடற்பயிற்சி கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். தாமதமாக வந்தவனை உட்கார வையுங்கள், முதல் கால்பகுதி ஆடவிடாதீர்கள். ஆடும் நேரத்தைப் பிடுங்குவதைவிடப் பெரிய தண்டனை ஃபுட்பால் பையனுக்குக் கிடையாது, அதில் சிறுநீரகமும் கெடாது.

இதைப் படிக்கும் தமிழ்ப் பெற்றோரே, ஜூலையில் ஒப்புதல் படிவம் வரும். கையெழுத்துப் போடும் முன், ‘கோச்சை எப்படிக் கேள்வி கேட்பது’ என்று தயங்காமல் மூன்றைக் கேளுங்கள்: தொட்டி எங்கே இருக்கிறது, வெப்பத்தை எதில் அளக்கிறீர்கள், இதயம் நின்றால் மின்னதிர்வு கொடுத்து இயக்கும் ஏ.இ.டி. கருவி மூன்று நிமிடத்துக்குள் களத்துக்கு வருமா. பதில் தெரிந்த கோச் கோபப்பட மாட்டார்.

கோச்களே, முதல் பயிற்சிக்கு முந்தைய மாலை ஓர் ஒத்திகை நடத்துங்கள். உங்கள் அணியிலேயே அதிக எடையுள்ள பையன் முழுக் கவசத்தோடு மைதானத்தின் தொட்டியிலிருந்து தொலைவான மூலையில் படுக்கட்டும். உங்கள் உதவிக் கோச்கள் நால்வர் அவனைத் தூக்கிவந்து, கவசம் கழற்றி, போர்வை கட்டி, தொட்டியில் இறக்கட்டும். அன்று ஐஸ் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். விழுந்ததிலிருந்து கழுத்துவரை தண்ணீரில் இறங்கியதுவரை எத்தனை நிமிடம் ஆனது என்று பாருங்கள். முதல் தடவை வெட்கப்படும்படி இருக்கும்; வாயில் கதவின் சாவி யாரிடம் என்று தெரியாது, கத்தரிக்கோல் பையில் இருக்காது, தண்ணீர்க் குழாய் எட்டாது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே வரும்வரை மறுபடி மறுபடி செய்யுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி, உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஃபுட்பால் களங்களில் பணியாற்றும் அத்லெட்டிக் ட்ரெயினர்களும் வலுப் பயிற்சியாளர்களும்